அமாங் அஸ்: பழைய குழுவோடு மீண்டும் ஆடும்போது புதிதாகச் சேருவோருக்கு ஒரு வழிகாட்டி

2020-ஆம் ஆண்டின் பிற்பாதியில், வீட்டுக்குள் அடைபட்டிருந்த சென்னை நண்பர் குழுக்கள் பலவற்றுக்கு ‘அமாங் அஸ்’ ஆடுவது இரவு வழக்கமாகவே ஆகிப்போயிருந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த இன்னர்ஸ்லாத் என்னும் சிறு நிறுவனம் 2018 ஜூன் மாதத்தில் இதைக் கைப்பேசிகளுக்கு வெளியிட்டது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. நேரலையில் ஆடிக்காட்டுவோர் கையிலெடுத்த பிறகுதான் உலகெங்கும் பரவியது. அதே 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி இந்தியாவில் பப்ஜி மொபைல் தடைசெய்யப்பட்டபோது, வேறு ஆட்டம் தேடி அலைந்தவர்களில் ஒரு பகுதியினரும் இதன் பக்கம் வந்து சேர்ந்தார்கள்.

அந்தக் குழுக்களில் சில இப்போது மீண்டும் கூடுகின்றன. கூடும்போது, அன்றைக்கு இல்லாத ஒருவராவது இன்றைக்கு இருக்கிறார்: ஒருவரைத் திருமணம் செய்துகொண்டு வந்தவர், அலுவலகத்தில் புதிதாகப் பழக்கமானவர், அப்போது ஆறாம் வகுப்பில் இருந்த தம்பி. இந்தக் கட்டுரை முதன்மையாக அவருக்காகவும், அவரை அழைத்து வருபவருக்காகவும் எழுதப்படுகிறது. இந்த ஆட்டத்தில் விரல் வேகத்துக்குப் பெரிய மதிப்பு இல்லை. பழைய ஆட்களுக்கு இருக்கும் உண்மையான அனுகூலம், குழுவில் யார் பொய் சொல்லும்போது குரலை உயர்த்துவார், யார் திடீரென்று மரியாதையாகப் பேசத் தொடங்குவார் என்பதெல்லாம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதுதான். புதியவருக்கு அது தெரியாது. ஆகவே முதல் நாள் மாலைக்கான ஏற்பாடுகள் அந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்வதாக இருக்க வேண்டும்.

ஆட்டம் என்னவென்று முதலில் புரிந்துகொள்ளுங்கள்

ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று துண்டுச்சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டு விளையாடியவர்களுக்கு இதன் அடிப்படை ஏற்கெனவே தெரியும்: ஒருவருக்கு என்ன சீட்டு வந்தது என்பது அவருக்கு மட்டுமே தெரியும், முகத்தைப் பார்த்துத் திருடனைக் கண்டுபிடிக்க வேண்டும். இன்னும் நேரடியான மூதாதை, 1986-இல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் திமித்ரி தவீதோவ் உருவாக்கிய ‘மாஃபியா’ என்னும் கூட்ட விளையாட்டு.

அமாங் அஸ்ஸில் 4 முதல் 15 பேர் வரை ஒரு விண்கலத்திலோ தளத்திலோ இருப்பார்கள். பெரும்பான்மையினர் கிரூமேட்கள், ஒருவரோ இருவரோ மூவரோ இம்போஸ்டர்கள். கிரூமேட்கள் ஆங்காங்கே தரப்பட்டிருக்கும் சிறு வேலைகளை, அதாவது டாஸ்க்குகளை, எல்லாருமாகச் சேர்ந்து முடித்தாலோ, இம்போஸ்டர்கள் அனைவரையும் வாக்களித்து வெளியேற்றினாலோ வெற்றி பெறுவார்கள். இம்போஸ்டர்கள் மற்றவர்களை ஒவ்வொருவராகக் கொன்று, உயிரோடு இருக்கும் கிரூமேட்களின் எண்ணிக்கை தங்கள் எண்ணிக்கைக்குச் சமமாகும்வரை பிடிபடாமல் இருந்தால் வெற்றி அவர்களுடையது. உடலைக் கண்டவர் ரிப்போர்ட் செய்தாலோ, கேஃபட்டீரியாவின் நடு மேசையில் உள்ள பொத்தானை ஒருவர் அழுத்தினாலோ ஆட்டம் நின்று, எல்லாரும் கூடிப் பேசி வாக்களிப்பார்கள். இந்தப் பேச்சுதான் ஆட்டத்தின் உயிர். மற்றதெல்லாம் பேசுவதற்கான விஷயத்தைச் சேகரிப்பது.

ஃபோனைத் தயார் செய்வது

கைப்பேசியில் இந்த விளையாட்டு இலவசம், இடையிடையே விளம்பரம் வரும். கணினியில் ஸ்டீம் என்னும் இணையக் கடை வழியாக விலை கொடுத்து வாங்க வேண்டும். நிண்டெண்டோ ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் ஆகியவற்றிலும் கிடைக்கிறது. எந்தக் கருவியில் இருந்தாலும் எல்லாரும் ஒன்றாகவே ஆடலாம். ஆனால் பதிப்பு ஒன்றாக இருக்க வேண்டும். பழைய ஆட்களின் ஃபோனில் பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாமல் கிடக்கும் செயலிதான் முதல் அரைமணி நேரத்தை விழுங்குவது; எனவே கூடுவதற்கு முந்தைய நாளே குழுவில் நினைவூட்டி, எல்லாரையும் புதுப்பிக்கச் சொல்லிவிடுங்கள்.

கணக்கில் உள்நுழைந்து ஆடுவது நல்லது. விருந்தினராக நுழைந்தால் பெயரை மாற்றுவது, தட்டச்சு செய்து பேசுவது போன்ற வசதிகள் கிடைக்காது. பிறந்த தேதியைக் கேட்கும்போது சிறுவர் வயது வந்தால், பெற்றோர் மின்னஞ்சல் வழியாக அனுமதி தரும்வரை ஆயத்த வாக்கியங்களை மட்டுமே தேர்ந்து அனுப்ப முடியும். வீட்டுப் பிள்ளைகளைச் சேர்ப்பதானால் இதை முன்கூட்டியே முடித்துவையுங்கள். அறைகளின் பெயர்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதனால் எலக்ட்ரிக்கல், மெட்பே, ஸ்டோரேஜ், அட்மின் என்ற நான்கை மட்டும் முதலில் மனத்தில் நிறுத்திக்கொண்டாலும் போதும், பாதி விவாதம் இந்த நான்கைச் சுற்றித்தான் நடக்கும்.

பிறகு, பழைய ஆட்கள் வருவதற்கு முன், ஃப்ரீபிளே என்னும் பயிற்சி முறையில் தனியாகக் கால் மணி நேரம் நடந்து பாருங்கள். அசையாமல் நிற்கும் பொம்மை ஆட்களோடு, கிரூமேட்டாகவும் இம்போஸ்டராகவும் மாறி மாறிப் பழகலாம். தி ஸ்கெல்ட் என்னும் முதல் வரைபடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அட்மின் அறையில் அட்டையைத் தேய்க்கும் டாஸ்க் எல்லாரையும் ஒரு முறையாவது அவமானப்படுத்தும்: மிக வேகமாகவும் இழுக்கக் கூடாது, மிக மெதுவாகவும் கூடாது, ஒரே சீராக இழுக்க வேண்டும். நேரில் கூடி ஆடும் வீட்டில் மிளகாய் பஜ்ஜித் தட்டு பக்கத்தில் இருந்தால், எண்ணெய் விரலோடு இந்த டாஸ்க்கைத் தொடாதீர்கள்.

கூடும் நேரமும் இடமும்

இன்றைய குழுக்கள் சோழிங்கநல்லூரிலும் தாம்பரத்திலும் மட்டும் இல்லை. பாதிப் பேர் கடல் தாண்டி இருக்கிறார்கள். சனிக்கிழமை இரவு 8 மணி சென்னையில் என்றால், சிங்கப்பூரில் இரவு 10.30. கோடைக்காலத்தில் லண்டனில் பிற்பகல் 3.30, நியூ ஜெர்சியில் காலை 10.30, கலிஃபோர்னியாவில் காலை 7.30. குளிர்காலத்தில் லண்டனும் அமெரிக்காவும் ஒரு மணி நேரம் முன்னதாகிவிடும். கலிஃபோர்னியா நண்பரை காலை 6.30 மணிக்கு எழுப்புவது நியாயமில்லை என்பதால், நவம்பர் முதல் சென்னையில் இரவு 9 மணி என்று தள்ளிவைப்பது வழக்கமாகட்டும். ஐபிஎல் பருவத்தில் சென்னை அணி ஆடும் இரவுகளை விட்டுவிடுங்கள். வந்தாலும் மனம் வேறெங்கோ இருக்கும், வாக்கு தப்பாக விழும்.

அறையைத் திறக்கும் ஹோஸ்ட் யார் என்பதில் கொஞ்சம் யோசியுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்தில் மின்சாரம் போய்விட்டு வரும் பகுதிகளில், ரவுட்டரை இன்வெர்ட்டரோடு இணைத்திருக்கும் வீட்டுக்காரரே ஹோஸ்ட்டாக இருக்கத் தகுந்தவர். சென்னைப் பெரும்பான்மைக் குழு ஆசியா சர்வரைத் தேர்வது இயல்பு; அமெரிக்காவில் இருப்பவர் ஒருவரோ இருவரோ என்றால் அவர்கள் சிறிது தாமதத்தைப் பொறுத்துக்கொள்வார்கள். ஹோஸ்ட் பிரைவேட் அறையைத் திறந்து, ஆறெழுத்துக் குறியீட்டை வாட்ஸப் குழுவில் போட்டால் மற்றவர்கள் அதை உள்ளிட்டுச் சேரலாம். சேர முடியாதவர் முதலில் சர்வர் பகுதியையும், பிறகு பதிப்பையும் சரிபார்க்க வேண்டும். இணைப்பு அறுந்தவர் அதே சுற்றுக்குத் திரும்ப முடியாது. ஆகவே மெட்ரோவில் வீடு திரும்பிக்கொண்டே ஆடலாம் என்று நினைப்பவர், சுரங்கப் பகுதியைத் தாண்டும்வரை காத்திருப்பது எல்லாருக்கும் நல்லது.

ஒரே வீட்டில் கூடுவதானால் லோக்கல் என்னும் முறை இருக்கிறது. எல்லாரும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும், குறியீடு வேண்டியதில்லை. மொட்டை மாடியில் வைஃபை எட்டாதபோது ஒருவர் ஹாட்ஸ்பாட் போடலாம், ஆனால் பல ஃபோன்களில் அதில் சேரக்கூடிய கருவிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. ஐஃபோன் வைத்திருப்பவருக்கு அறை கண்ணில் படவில்லை என்றால், அமைப்புகளில் அந்தச் செயலிக்கு லோக்கல் நெட்வொர்க் அனுமதி தரப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நேரில் ஆடும்போது சுவரோரமாக முதுகைச் சாய்த்து உட்காருங்கள். திரை பக்கத்தில் இருப்பவர் கண்ணில் பட்டால் ஆட்டமே இல்லை.

ஹோஸ்ட் செய்ய வேண்டிய அமைப்புகள்

புதியவர் கலந்த குழுவுக்கு ஆட்டம் பிடிப்பதும் பிடிக்காமல் போவதும் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. பழைய ஆட்கள் 2020-இல் கடைசியாக வைத்திருந்த கடினமான அமைப்புகளை அப்படியே கொண்டுவர ஆசைப்படுவார்கள். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

ஏழு பேருக்குக் குறைவாக இருந்தால் ஒரே இம்போஸ்டர். ஏழு முதல் பத்துப் பேர் வரை இருவர். விஷுவல் டாஸ்க்ஸ் என்பதை முதல் மாலை முழுவதும் திறந்து வையுங்கள். அது திறந்திருந்தால், மெட்பேயில் ஒருவர் ஸ்கேன் மேடையில் நின்று பச்சை ஒளி சுழல்வதை அருகில் இருப்பவர் பார்க்கலாம். இம்போஸ்டரால் அதைச் செய்துகாட்ட முடியாது என்பதால், புதியவர் தன் நேர்மையை நிரூபிக்கப் பேச்சுத்திறமை தேவைப்படாது. கன்ஃபர்ம் இஜெக்ட்ஸ் என்பதையும் திறந்து வைத்தால், வெளியேற்றப்பட்டவர் இம்போஸ்டரா இல்லையா என்று ஆட்டமே அறிவித்துவிடும். வாக்கு யாருக்கு விழுந்தது என்பது தெரியும்படி வையுங்கள். கூட்டாளி இம்போஸ்டருக்கு எதிராக ஒருபோதும் வாக்களிக்காத ஆளைப் பிடிக்க அதுவே சிறந்த தடயம்.

கொலைக்குக் கொலை இடைவெளி 30 விநாடிக்குக் குறையாமல் இருக்கட்டும். வாக்களிக்கும் நேரத்தை 120 விநாடியாக வையுங்கள், ஏனென்றால் நம் குழுக்களில் முதல் நாற்பது விநாடி எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவதிலேயே போய்விடும். நடை வேகத்தை ஒன்றிலோ ஒன்றே காலிலோ நிறுத்துங்கள்.

2021 நவம்பரில் எஞ்ஜினியர், சயன்டிஸ்ட், கார்டியன் ஏஞ்சல், ஷேப்ஷிஃப்டர் என்னும் சிறப்புப் பாத்திரங்கள் சேர்ந்தன. 2024-இல் டிராக்கர், நாய்ஸ்மேக்கர், ஃபாண்டம் ஆகியவை வந்தன. பழைய ஆட்களில் பலருக்கும் இவை புதியவைதான். அறைக்கு அறை மறைவாகச் செல்ல உதவும் காற்றுக்குழாயான வென்ட்டில் இறங்கியவன் இம்போஸ்டர் என்பது 2020-இன் அசைக்க முடியாத சட்டம். எஞ்ஜினியர் இருக்கும் ஆட்டத்தில் அந்தச் சட்டம் செல்லாது, அவரும் வென்ட்டில் போகலாம். ஷேப்ஷிஃப்டர் இருந்தால் “என் கண்ணால் பார்த்தேன்” என்பதும் சாட்சியாகாது, அவர் வேறொருவரின் உருவத்தில் நடமாட முடியும். முதல் நாள் இவை அனைத்தையும் மூடிவிட்டு ஆடுங்கள். இரண்டாம் முறை கூடும்போது, ஒரு சுற்றுக்கு ஒரு பாத்திரம் என்று சேர்த்தால் பழையவரும் புதியவரும் ஒரே நேரத்தில் கற்பார்கள்.

நிறமும் சின்ன விஷயமில்லை. விவாதத்தில் பெயரை விட நிறத்தைச் சொல்வதே வழக்கம். 18 நிறங்களில் சிவப்பும் மெரூனும், ரோஸும் பிங்க்கும் அவசரத்தில் ஒன்றுபோலத் தெரியும். ஒரே குழுவில் இரண்டையும் எடுக்காதீர்கள். நிறங்களைப் பிரித்தறிவதில் சிரமம் உள்ளவருக்காக, நிறத்தின் பெயரை எழுத்தில் காட்டும் வசதி அமைப்புகளில் இருக்கிறது.

பேச்சு விதிகள்

எல்லாரும் ஒரு குழு அழைப்பில், டிஸ்கார்டிலோ வாட்ஸப்பிலோ, இணைந்திருங்கள். ஆட்டம் நடக்கும்போது அனைவரும் மியூட். மீட்டிங் தொடங்கியதும் உயிரோடு இருப்பவர் மட்டும் மியூட்டை எடுக்க வேண்டும். செத்தவர் பெருமூச்சுகூட விடக் கூடாது. செத்தவர்கள் தங்களுக்குள் ஆட்டத்தின் எழுத்து அரட்டையில் பேசிக்கொள்ளலாம், அது உயிரோடு இருப்பவருக்குத் தெரியாது. செத்த கிரூமேட் தன் மீதி டாஸ்க்குகளை ஆவியாக முடிக்கலாம் என்பதையும், முடிக்கத்தான் வேண்டும் என்பதையும் புதியவரிடம் சொல்லிவையுங்கள். ஃபோனை வைத்துவிட்டுக் காபி போடப் போகிறவரால்தான் பல ஆட்டங்கள் தோற்கின்றன.

இன்னொரு விதியை நான் மிகக் கண்டிப்பாகப் பரிந்துரைப்பேன்: சத்தியம் செய்யக் கூடாது. “அம்மா மேல சத்தியமா நான் இல்லடா” என்று ஒருவர் சொல்லிவிட்டால், அவர் இம்போஸ்டராக இருந்தால் அவருக்கும் சங்கடம், இல்லாவிட்டால் சந்தேகிக்கும் மற்றவருக்கும் சங்கடம். பொய் சொல்வதே ஆட்டமாக இருக்கும் இடத்தில் சத்தியத்துக்கு வேலையில்லை. கணவன் மனைவி இருவரும் ஆடும் குழுக்களில் இந்த விதி இன்னும் அவசியம். அதேபோல, “நீ அன்னைக்கும் இப்படித்தான் சொன்ன” என்று ஆட்டத்துக்கு வெளியே நடந்தவற்றை இழுப்பதையும் தடுத்துவிடுங்கள்.

முதல் சுற்றுகளில் நீங்கள் செய்ய வேண்டியவை

கிரூமேட்டாக வந்தால், டாஸ்க்கில் மூழ்கிவிடாதீர்கள். ஒவ்வொரு அறைக்குள் நுழையும்போதும் அங்கே யார் இருக்கிறார், யார் வெளியேறினார் என்று மனத்துக்குள் ஒரு முறை சொல்லிக்கொள்ளுங்கள். மீட்டிங்கில் உங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி “எங்க இருந்த?” என்பதுதான். “அட்மின்ல கார்டு தேய்ச்சுட்டு ஸ்டோரேஜ் வந்தேன், வழியில மஞ்சளைப் பார்த்தேன்” என்ற அளவு பதில் போதும். பேசாமல் இருப்பவரை வெளியேற்றுவது எல்லாக் குழுக்களிலும் உள்ள கெட்ட பழக்கம். முதல் இரண்டு சுற்றுகளில் மௌனத்தை மட்டும் காரணமாக வைத்துப் புதியவருக்கு வாக்களிப்பதில்லை என்று பழைய ஆட்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சில தடயங்கள் புதியவருக்கும் எளிதில் கைகூடும். ஸ்கெல்டில் அட்டை தேய்ப்பதும் வயர் இணைப்பதும் காமன் டாஸ்க்குகள்: ஒருவருக்கு வந்தால் எல்லாக் கிரூமேட்டுக்கும் வரும். உங்கள் பட்டியலில் அட்டை இல்லாதபோது, ஒருவர் அட்டை தேய்த்ததாகச் சொன்னால் அவர் பொய் சொல்கிறார். செக்யூரிட்டி அறையில் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் நடைவழிக் கேமராக்களில் சிவப்பு விளக்கு மின்னும். இம்போஸ்டர் கலத்தின் விளக்குகளை அணைத்தால் கிரூமேட்டின் பார்வை சுருங்கும், இம்போஸ்டரின் பார்வை சுருங்காது. அதைச் சரிசெய்யும் பலகை எலக்ட்ரிக்கலில் இருக்கிறது. அந்த அறையும் மெட்பேயும் செக்யூரிட்டியும் ஒரே வென்ட்டால் இணைந்தவை என்பதால், இருட்டில் தனியாக அங்கே ஓடுவது தியாகம்தான், அறிவு அல்ல. இம்போஸ்டர் ரியாக்டரைக் கெடுத்து எச்சரிக்கை ஒலித்தால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் இரு பக்கமும் கையை வைக்க வேண்டும்; ஒருவர் மட்டும் போனால் பயனில்லை. இத்தகைய நெருக்கடி நடக்கும்போது எமர்ஜென்சி பொத்தான் வேலை செய்யாது, உடலைக் கண்டால் ரிப்போர்ட் செய்ய மட்டும் முடியும்.

எப்போது வாக்களிப்பது, எப்போது யாருக்கும் வாக்களிக்காமல் ஸ்கிப் செய்வது என்பதை உணர்ச்சிக்கு விடாமல் எண்ணிப் பாருங்கள். ஒரு இம்போஸ்டர் மீதியிருக்க, நால்வர் உயிரோடு இருந்தால், தடயமே இல்லாதபோது ஸ்கிப் செய்வதுதான் சரி: அடுத்த கொலைக்குப் பிறகும் மூவர் இருப்பீர்கள், இன்னொரு வாய்ப்பு கிடைக்கும். தப்பான ஆளை வெளியேற்றிவிட்டாலோ, அடுத்த கொலையோடு ஆட்டம் முடிந்துவிடும். மூவர் மட்டும் இருக்கும்போது ஸ்கிப் செய்வது தோல்வியை ஒப்புக்கொள்வதற்குச் சமம்; ஊகத்திலாவது வாக்களித்தே ஆக வேண்டும். இரு இம்போஸ்டர்கள் இருக்கையில் ஐவர் மிஞ்சினாலும் இதே நிலைதான். பழைய ஆட்களே பலர் இந்தக் கணக்கைப் போடாமல் கத்திக்கொண்டிருப்பார்கள். புதியவர் அமைதியாக இதைச் சொன்னால் குழு திரும்பிப் பார்க்கும்.

இம்போஸ்டராக வந்துவிட்டால் பதற வேண்டாம். முதல் ஒன்றிரண்டு நிமிடம் கொலை செய்யாமல், டாஸ்க் இருக்கும் இடங்களில் நின்று நகருங்கள். ஒவ்வொரு டாஸ்க்கும் உண்மையில் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது ஃப்ரீபிளேயில் பழகியிருந்தால் இங்கே உதவும். கேட்கும்போது, நடந்த வழியை உண்மையாகவே சொல்லி, கொலை நடந்த ஒரே ஒரு அறையை மட்டும் மறைத்துவிடுங்கள். முழுக் கதையையும் புனைந்தால் இரண்டாவது கேள்வியிலேயே முரண்படுவீர்கள். வென்ட்டை முதல் சில ஆட்டங்களில் தொடாதீர்கள். யாரையும் முந்திக்கொண்டு குற்றம் சாட்டாதீர்கள். பழைய பகை உள்ள இருவர் எப்படியும் ஒருவரையொருவர் சாட்டிக்கொள்வார்கள், அவர்களுக்கு நடுவில் “எனக்கு உறுதியாத் தெரியல” என்று சொல்லிவிட்டு நகர்வதே போதுமான மறைப்பு. பழைய ஆட்களுக்கு உங்கள் பொய்க்குரல் எப்படி இருக்கும் என்று தெரியாது. மற்றவர்களைப் பற்றி நீங்கள் அறியாதது குறைதான் என்றாலும், இந்த ஒரு சுற்றில் அதுவே உங்கள் பலமாகிவிடுகிறது. அவசரப்பட்டு அதைச் செலவழிக்காதீர்கள்.

அடுத்த மாலைகளுக்கு

விவாதம் செய்யவே கூச்சப்படும் ஒருவர் குழுவில் இருந்தால், 2022 டிசம்பரில் வந்த ஹைட் அண்ட் சீக் முறையை இடையில் வையுங்கள். அதில் இம்போஸ்டர் யாரென்று தொடக்கத்திலேயே எல்லாருக்கும் தெரியும். மீட்டிங் இல்லை, வாக்கு இல்லை, நேரம் முடியும்வரை ஓடி ஒளிந்தால் போதும், டாஸ்க் முடித்தால் அந்த நேரம் குறையும். வரைபடத்தின் மூலை முடுக்குகள் இதில்தான் வேகமாக மனப்பாடமாகும்.

ஸ்கெல்ட் கைவந்த பிறகு போலஸ் என்னும் வரைபடத்துக்குப் போகலாம். மீரா எச்கியூ சிறியது, ஆனால் அங்கே எல்லா வென்ட்டுகளும் ஒன்றோடொன்று இணைந்தவை, இம்போஸ்டருக்கு மிகச் சாதகம். எட்டுப் பேருக்குக் குறைவாக இருந்தால் மட்டும் எடுங்கள். 2021 மார்ச் 31 அன்று வந்த ஏர்ஷிப் மிகப் பெரியது, பத்துப் பேருக்குக் கீழே ஆடினால் யாரும் யாரையும் பார்க்காமலேயே சுற்று முடிந்துவிடும். 2023 அக்டோபரில் வந்த ஃபங்கிளில் காளான் கலக்கம் ஒன்று உண்டு: சிறிது நேரம் எல்லாருடைய உருவமும் மாறிப்போய், யார் எவர் என்றே தெரியாமல் போகும். அதைப் பழைய ஆட்களும் பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதால், எல்லாரும் சமமாகத் தடுமாறும் ஒரு மாலை வேண்டும் என்று தோன்றும்போது அதைத் திறந்து, புதியவரையே ஹோஸ்ட்டாக உட்கார வையுங்கள்.